கிண்ணமும் கோலும்

குளச்சலுக்கும் தேங்காய்ப்பட்டணத்துக்கும் இடையே, மேலைக் கடலைப் பார்த்து அமைந்திருக்கும் மீனவர் ஊர் இனயம். அந்தக் கரையோரத்தில் மக்களைக் கடவுள்பால் அழைக்கும் முறைகள் மூன்று உண்டு. கத்தோலிக்க ஆலயங்களின் கோபுரத்து மணி காலையிலும் நண்பகலிலும் மாலையிலும் ஒலித்து மூவேளைச் செபத்தை நினைவூட்டுகிறது. தேங்காய்ப்பட்டணத்துப் பள்ளிவாசல் மணியையும் முரசையும் வேண்டாது மனிதக் குரல் ஒன்றினாலேயே தொழுகைக்கு அழைக்கிறது. கடலை விட்டு உள்நாட்டுப் பக்கம் சென்றால், கோயில்களில் தீபாராதனை வேளையில் சேமக்கலமும் கைமணியும் சங்கும் சேர்ந்து முழங்குகின்றன. இவற்றுள் மணியும் சேமக்கலமும் தாமே பேசுவன அல்ல. ஒலிக்கும் பொருள் ஒன்றும் அதைத் தீண்டும் பொருள் ஒன்றும் கூடினால்தான் அங்கே நாதம் பிறக்கிறது. ஆனால் பெருமை முழுவதும் ஒலிக்கும் பொருளுக்கே போய்ச் சேருகிறது. மணியில் உபயம் செய்தவர் பெயர் பொறிக்கப்படுகிறது. கத்தோலிக்க மரபிலோ ஆலய மணிக்கு ஆயர் மந்திரிப்பும் உண்டு, ஒரு புனிதரின் திருப்பெயரும் உண்டு. சேமக்கலத்தை அடிக்கும் மரக்கோலுக்கு இவற்றில் ஒன்றும் இல்லை. அது ஒடிந்தால் வேறொரு துண்டு மரம் வந்து அதன் இடத்தை நிரப்பிக்கொள்ளும்.

பெருமை பெறாத அந்தக் கோலைப் பற்றியே இங்குச் சிந்திக்க விரும்புகிறேன். இமயமலை நாடுகளிலிருந்து வரும் 'பாடும் கிண்ணம்' இப்போது நம் வீடுகளின் பூஜையறைக்கும் தியான அறைக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. வாங்கியவர் பலரும் சில நாட்களுக்குள் ஒரே சந்தேகத்தை எழுப்புகிறார்கள்: எந்தக் கோலைக் கொண்டு இதைத் தட்டுவது, எப்படி உரசுவது? கடைத்தெருக் கேள்வி போலத் தோன்றும் இதனுள், நம் தேசத்துச் சமயாசாரியர்கள் நூற்றாண்டுக் கணக்கில் வாதிட்ட ஒரு பெரிய கேள்வி அடங்கியிருக்கிறது. மனிதனுடைய பிரயத்தனம் எவ்வளவு, இறைவனுடைய அனுக்கிரகம் எவ்வளவு என்பதே அது.

இக்கிண்ணம் நமக்கு அந்நியமான பொருளன்று என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். செம்பும் வெள்ளீயமும் கலந்து, வெள்ளீயத்தின் பங்கு நூற்றுக்கு 22, 23 என்ற அளவுக்கு உயர்ந்து நிற்கும் வெண்கலமே இதன் உலோகம். இந்த அளவில் வெள்ளீயம் சேர்ந்த வெண்கலம் குளிர்ந்த நிலையில் அடித்தால் விரிசல் கண்டுவிடும். ஆதலால் அதைச் செந்தழலாகக் காய்ச்சி, காய்ந்த நிலையிலேயே சம்மட்டியால் அடித்து மெலிதாக்கி, இறுதியில் நீரில் தோய்த்துத் திடப்படுத்துவர். தாமிரபரணிக் கரையில் ஆதிச்சநல்லூரின் முதுமக்கள் தாழிகளிடையே, 1876-இல் ஜாகோர் என்னும் ஜெர்மானியரும், அவருக்குப் பின் 1899 முதலாக அலெக்சாண்டர் ரீயும் தோண்டி எடுத்த பொருள்களில் இந்த உயர்ந்த வெள்ளீயக் கலவையால் ஆன மெல்லிய வெண்கலக் கலங்கள் இருந்தன. பாலக்காட்டுப் பகுதியில் பயங்காடியில் கைவினைஞர்கள் இதே கலவையை இதே முறையில் அடித்துப் பாத்திரம் செய்து வந்ததை, சாரதா ஸ்ரீநிவாசனும் இயான் குளோவரும் 1995-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில் விவரித்திருக்கிறார்கள். இறந்தோருடன் புதைத்த கலத்தின் உலோகமும் தியானிப்போன் உள்ளங்கையில் வைத்திருக்கும் கிண்ணத்தின் உலோகமும் ஓரினம் என்பதை அறியும்போது, இமயத்துக்கும் பொதிகைக்கும் இடையிலுள்ள தூரம் குறைந்து போகிறது.

இனிக் கோலுக்கு வருவோம். கோலைத் தேர்வதில் முதல் விதி, அது கிண்ணத்தின் அளவுக்கு ஒத்ததாக இருக்க வேண்டும் என்பது. உள்ளங்கையில் அடங்கும் சிறு கிண்ணத்துக்கு மெல்லிய, இலேசான மரக்கோல் போதும். கனத்த கோல் அதை ஓலமிடச் செய்யும். பெரிய கிண்ணத்துக்குப் பருத்த, கனமான கோல் வேண்டும். மெலிந்த கோல் அதன் ஆழ்ந்த குரலை எழுப்ப வலியற்று, மேலோட்டமான கீச்சொலியை மட்டும் எழுப்பும். இரண்டாம் விதி மரத்தின் தன்மையைப் பற்றியது. ஈட்டி, தேக்கு போன்ற இறுகிய மரம் வெறுமையாக வந்து தீண்டினால் கூரிய, உச்சமான சுரங்கள் முந்திக்கொள்ளும். அதே மரத்தின்மேல் மெல்லிய தோலைச் சுற்றிவிட்டால் அடிநாதம் முன்னே வரும். கம்பளியோ பஞ்சோ பொதிந்த தலையுடைய கோலால் தட்டினால் ஆழ்ந்த நாதம் ஒன்றே மெதுவாக எழுந்து அறையை நிறைக்கும். மூன்றாம் விதி, கோலின் மேனி வழவழப்பாகவும் வெடிப்பின்றியும் இருக்க வேண்டும் என்பது. பிளந்த மரம் விளிம்பில் இடறும்; இரும்புக்கோல் உலோகத்தையே காயப்படுத்தும்.

பயன்படுத்தும் முறையும் அத்தகையதே. கிண்ணத்தை விரித்த உள்ளங்கையின்மேல் வைக்க வேண்டுமேயன்றி விரல்களால் அதன் பக்கங்களைப் பற்றக்கூடாது. பற்றிய விரல் அதிர்வை அடக்கிவிடும். முதலில் இலேசாக ஒருமுறை தட்டி அதை எழுப்பிய பிறகு, கோலைச் செங்குத்தாகப் பிடித்து விளிம்பின் வெளிப்புறத்தோடு சேர்த்து, மணிக்கட்டை மட்டும் சுழற்றாது கை முழுவதையும் சுழற்றி, ஒரே வேகத்திலும் ஒரே அழுத்தத்திலும் வலம் வர வேண்டும். தொடக்கத்தில் ஒன்றும் கேளாது. அப்போது பொறுமையிழந்து வேகத்தைக் கூட்டினால், கோல் விளிம்பை விட்டுத் துள்ளிக் கடகடவென்று அடித்துக்கொள்ளும். வேகத்தைத் தணித்து அழுத்தத்தைச் சற்றே மிகுத்தால், எங்கிருந்து தொடங்கியது என்று சொல்ல முடியாதபடி நாதம் மெல்ல எழுந்து பெருகும்.

இதன் காரணத்தைப் பௌதிக சாஸ்திரம் தெளிவாக விளக்குகிறது. கோல் விளிம்பின்மேல் இடையறாது வழுக்கிச் செல்வதுபோலத் தோன்றினும், உண்மையில் அது பற்றுகிறது, விடுகிறது, மீண்டும் பற்றுகிறது. ஒரு விநாடிக்குள் நூற்றுக்கணக்கான முறை நிகழும் இந்தப் பற்றுதலும் விடுதலுமே விளிம்பை அசைக்கின்றன. பிடில் வில்லும் தந்தியும் கூடுமிடத்தில் நிகழ்வதும் இதுவே. வட்டமான விளிம்பு அதிரும்போது நீள்வட்டமாகி, மறுகணம் அதற்குக் குறுக்கே நீள்வட்டமாகிறது. நான்கு இடங்கள் மிகுதியாக அசைய, அவற்றின் இடையிடையே நான்கு இடங்கள் அசைவற்று நிற்கின்றன. இந்த அடிநாதத்துக்கு மேலே ஏறத்தாழ 2.8 மடங்கிலும், 5 மடங்குக்குச் சற்று மேலும் என வேறு நாதங்களும் அதே உலோகத்துள் உறைந்திருக்கின்றன. மென்மையான கோல் விளிம்போடு நெடுநேரம் ஒட்டி நிற்பதால் மேல்நாதங்கள் அடங்கி அடிநாதம் தழைக்கிறது. கடினமான கோல் கணத்தில் தொட்டு விலகுவதால் மேல்நாதங்கள் கிளர்ந்தெழுகின்றன. ஜான் புஷ் முதலியோர் 2011-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், கிண்ணத்தில் நீரை வைத்து உரசினால் விளிம்பின் அதிர்வு நீர்ப்பரப்பில் அலையாகி, அதிர்வு மிகும்போது துளிகள் துள்ளி எழுவதையும் ஆராய்ந்து காட்டியிருக்கிறார்கள்.

இங்கேதான் தத்துவ விசாரம் தொடங்குகிறது. அந்த நாதத்தை உண்டாக்கியது கோலா, அல்லது கிண்ணத்துள் முன்பே இருந்ததைக் கோல் வெளிப்படுத்தியதா?

நியாய வைசேஷிகர் என்னும் தர்க்க மரபினர் நாதம் ஆகாசத்தின் குணம் என்றும், அது தோன்றி மறையும் அநித்தியப் பொருள் என்றும் கொண்டனர். முரசும் கோலும் கூடுவதால் ஒரு நாதம் பிறக்கும். மூங்கில் பிளவுபடுவதால் ஒரு நாதம் பிறக்கும். முதலில் பிறந்த நாதத்திலிருந்து அடுத்தது, அதிலிருந்து அடுத்தது என அலைபோலத் தொடர்ந்து நம் செவியை வந்தடையும் என்பது அவர்களுடைய கொள்கை. தர்க்கம் கற்கத் தொடங்கும் மாணாக்கனுக்கும் அவர்கள் இந்த முரசையும் கோலையுமே உதாரணமாகக் காட்டினர். வேத விளக்க மரபினராகிய மீமாம்சகர் இதை ஒப்பவில்லை. சப்தம் நித்தியம், நம் முயற்சி அதைப் படைப்பதில்லை, மறைவிலிருந்து வெளிக்கொணர்கிறது, விளக்கு ஏற்றுபவன் அறையிலுள்ள பொருள்களைச் செய்யவில்லை என்பது அவர்கள் வாதம். இவ்விரு சாராருக்கும் முன்னரே, பிருகதாரண்யக உபநிஷத்தில் யாக்ஞவல்கியர் மைத்ரேயிக்கு உபதேசிக்கும் இடத்தில் முரசின் உதாரணம் வருகிறது: அடிக்கப்படும் முரசிலிருந்து வெளியே பரவும் ஓசைகளைத் தனித்தனியே பற்ற முடியாது; முரசையோ முரசடிப்பவனையோ பற்றினால் ஓசையும் பற்றப்பட்டதாகும் என்பது அதன் கருத்து. பலவாகத் தெரிவதைத் துரத்தாமல் அதன் மூலத்தை அடை என்பதே முனிவரின் உபதேசம்.

இதே கேள்வி பக்தி மார்க்கத்தில் வேறு உருவத்தோடு எழுந்தது. தமிழ்நாட்டு ஸ்ரீவைஷ்ணவ சம்பிரதாயத்தில் வடகலையார், தாயின் வயிற்றைப் பற்றிக்கொள்ளும் குரங்குக் குட்டியைக் காட்டி, ஜீவனுடைய சிறு பற்றுதலாவது வேண்டும் என்றனர். தென்கலையார், தாய் தன் வாயால் கவ்விச் செல்லும் பூனைக் குட்டியைக் காட்டி, எல்லாம் காரணம் வேண்டாத அவனுடைய நிர்ஹேதுக கிருபையே என்றனர். வடகலை ஆசாரியராகிய வேதாந்த தேசிகர் கி.பி. 1268-இல் காஞ்சியை அடுத்த தூப்புலில் அவதரித்தவர். அவரைத் திருவேங்கடமுடையான் திருமணியின் அவதாரம் என்று சம்பிரதாயம் போற்றுகிறது. அதனாலேயே திருமலையில் கர்ப்பக்கிருகத்துள் கைமணி அடிக்கும் வழக்கமில்லை என்றும் சொல்லுவர். மணியின் அவதாரம் என்று கருதப்பட்ட அந்த மகானே, சரணாகதி என்பது மோட்சத்தை விலைக்கு வாங்கும் சாதனமன்று, அனுக்கிரகம் இறங்குவதற்கு ஒரு வியாஜம், அதாவது ஒரு சாக்கு மட்டுமே, ஆயினும் அந்த வியாஜம் வேண்டும் என்று உபதேசித்தார் என்பதை எண்ணும்போதெல்லாம் என் உள்ளம் நெகிழ்கிறது. நாதம் முழுவதும் மணியினுடையது. எனினும் ஒரு தீண்டலுக்காக மணி காத்திருக்கிறது.

இந்த வாதங்கள் அனைத்தையும் வணங்கி ஏற்றுக்கொண்டு, பாடும் கிண்ணம் கற்பிக்கும் ஒன்றை அவற்றோடு சேர்த்துச் சொல்ல விரும்புகிறேன். கோல் நாதத்தைப் படைப்பதுமில்லை. உள்ளதை வெறுமனே திறந்து காட்டுவதோடு நின்றுவிடுவதுமில்லை. கிண்ணத்துள் உறையும் பல நாதங்களுள் எது வெளியே வர வேண்டும் என்பதை அது தீர்மானிக்கிறது. சுசீந்திரத்துத் தாணுமாலயன் கோயிலின் அலங்கார மண்டபத்தில் ஒரே கல்லில் குடைந்த நான்கு பெருந்தூண்கள் உள்ளன. இரண்டில் 33 சிறு தூண்களும் இரண்டில் 25 சிறு தூண்களும் அமைந்து, ஒவ்வொன்றும் தட்டினால் தனக்கென அமைந்த சுரத்தைத் தருகிறது. அங்கே தட்டும் கை ஒன்று, சுரங்கள் பல. வேற்றுமையைச் சிற்பி கல்லிலேயே வகுத்து வைத்தான். கிண்ணத்திலோ பொருள் ஒன்று, குரல்கள் பல; வேற்றுமையைக் கோல் கொண்டு வருகிறது. ஆதலால் நாதம் என்னுடையது என்று கோல் செருக்கவும் முடியாது. எந்த நாதம் எழுந்தாலும் அதற்கு நான் பொறுப்பில்லை என்று ஒதுங்கவும் முடியாது.

அனுக்கிரகத்துக்கும் பிரயத்தனத்துக்கும் உள்ள உறவு இதுவே என்பது என் துணிபு. இறைவன் அருள் முழுமையானது; நம் முயற்சி அதில் ஓர் அணுவையும் கூட்டுவதில்லை. ஆனால் அந்த அருளிலிருந்து நம் வாழ்வில் எது ஒலிக்கிறது என்பதற்கு நாமே உத்தரவாதிகள். ஒரே வேதநூலை ஒருவன் கருணையோடு அணுகிக் கருணையைப் பெறுகிறான். மற்றொருவன் வெறுப்போடு அணுகி, அதிலிருந்து கூச்சலை எழுப்பிவிட்டு, இது நூலின் குரலேயன்றி என் குரலன்று என்கிறான். அவன் சொல்வதில் பாதி உண்மை. அந்தக் கூரிய ஒலியும் உலோகத்துள் இருந்ததுதான். ஆயினும் அதைத் தேர்ந்தது அவன் கைக்கோல்.

இக்கரை இந்த உண்மையைத் துன்பத்தின் வாயிலாகவும் அறிந்திருக்கிறது. இனயத்துக்கு அண்மையிலுள்ள மண்டைக்காட்டில் 1982-ஆம் ஆண்டு பகவதியம்மன் கோயில் கொடைவிழாக் காலத்தில் இந்துக்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் இடையே மூண்ட கலவரத்தில் துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் பலியாயின. அரசாங்கம் நீதிபதி வேணுகோபால் தலைமையில் விசாரணைக் கமிஷனை நியமித்தது. தலைமுறை தலைமுறையாக அடுத்தடுத்து வாழ்ந்த மக்களின் நெஞ்சிலிருந்தே அந்தப் பேரோசை எழுந்தது. அதே நாட்களில் குன்றக்குடி அடிகளார் இப்பகுதிக்கு வந்து, சைவ மடாதிபதியாகிய தாம் மீனவ மக்களிடையிலும் சென்று, அமைதி திரும்ப உழைத்தார். மக்கள் மாறவில்லை, அவர்கள் தெய்வங்களும் மாறவில்லை, தீண்டிய கோல் மாறியது, அதே நெஞ்சங்களிலிருந்து வேறு நாதம் எழுந்தது. பேசுகிறவர்களும் எழுதுகிறவர்களும் மேடையேறுகிறவர்களும் தங்கள் கையில் என்ன கோல் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டியது எத்துணைக் கடமை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

கோலைப் பற்றி இன்னும் ஒன்று உண்டு. அது விலகுவதைப் பற்றியது. பௌத்த நூலாகிய மிலிந்தபஞ்ஹாவில் நாகசேனர், மனம் ஒரு பொருளின்மேல் முதலில் சென்று படிவதை வெண்கலக் கலத்தைத் தட்டுவதற்கும், பிறகு அப்பொருளிலேயே நிலைத்து உலாவுவதைக் கலம் தொடர்ந்து ரீங்கரிப்பதற்கும் ஒப்பிடுகிறார். தட்டுதல் கணப்பொழுது, ரீங்காரம் நெடிது. தட்டிய கோலை விளிம்பின்மேலேயே வைத்திருப்பவனுக்கு அந்த ரீங்காரம் கிட்டாது, எழுப்பிய கோலே அதை அணைத்துவிடும். வழிபாட்டிலும் இவ்விரு நெறிகளும் உள்ளன. மூவேளைச் செபமும் சந்தியாவந்தனமும் தட்டும் நெறியைச் சேர்ந்தவை: தீண்டிவிட்டு விலகி, எழுந்த நாதத்தோடு அன்றாட வேலைக்குப் போய்விடுவது அவற்றின் இயல்பு. நாம ஜபமும் ஜெபமாலையும் உரசும் நெறியைச் சேர்ந்தவை: ஒரே திருநாமத்தைப் பற்றி, விட்டு, மீண்டும் பற்றி, இடையறாது வலம் வருவது அவற்றின் இயல்பு. தட்டும் நெறியில் விலகத் தெரியாதவனும், உரசும் நெறியில் பொறுக்கத் தெரியாதவனும் கிண்ணத்தைக் குறைகூறுவதில் பயனில்லை.

நாஞ்சில் நாட்டார்க்கு இது புதிய பாடமன்று. இந்நாட்டின் வில்லுப்பாட்டில் தலைமைப் பாடகர் வில்லின் பின்னே அமர்ந்து, சதங்கை குலுங்கும் வீசுகோலால் நாணைத் தட்டித் தெய்வத்தின் கதையைப் பாடுகிறார். கொடை நாளில் அந்தப் பாட்டு உச்சம் பெறும்போது சாமியாடி மீது தெய்வம் வந்து இறங்குகிறது. வீசுகோல் தெய்வத்தைச் செய்தது என்று ஒருவரும் சொல்லுவதில்லை. வீசுகோல் இல்லாமலே பாடிவிடலாம் என்றும் ஒருவரும் சொல்லுவதில்லை. எந்தத் தெய்வத்துக்கு எந்தக் கதை, எந்த இடத்தில் தாளத்தை விரைவுபடுத்துவது, எந்த இடத்தில் கோலை நிறுத்திக் குரலை மட்டும் விடுவது என்பதையெல்லாம் அறிந்த கைக்கே அங்கு மதிப்பு.

தூய பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் பதின்மூன்றாம் அதிகாரத்தில், அன்பில்லாதவன் மனிதர் மொழியும் தேவதூதர் மொழியும் பேசினாலும் ஒலிக்கின்ற வெறும் வெண்கலத்துக்கு நிகராவான் என்கிறார். இது வெண்கலத்தின்மேல் சாட்டிய குற்றமன்று. அன்பென்னும் கோல் தீண்டாதபோது மிக உயர்ந்த ஒலியும் ஓசையாகத் தாழ்ந்துவிடும் என்னும் எச்சரிக்கை. கத்தோலிக்கத் திருச்சபையின் வழிபாட்டில் கோலின் தனிமையை உணர்த்தும் நாட்களும் உண்டு. பெரிய வியாழன் மாலைத் திருப்பலியில் வானவர் கீதம் பாடி முடிந்ததும் மணிகள் ஓய்ந்துவிடும்; பாஸ்கா திருவிழிப்பில் அதே கீதம் மீண்டும் எழும் வரை அவை ஒலிப்பதில்லை. அந்த இடைநாட்களில் மணிக்குப் பதிலாக மரக்கட்டையைத் தட்டி மக்களை அழைப்பது தொன்மையான வழக்கம். வெண்கலம் மௌனமாகிவிட்ட அவ்வேளையில் மரம் தன் வறண்ட குரலிலேயே கூப்பிடுகிறது. அருள் மறைந்துபோனதாகத் தோன்றும் நாட்கள் எல்லாச் சாதகருக்கும் வரும். ஜெபத்தில் இனிமை இல்லை, ஸ்தோத்திரத்தில் உருக்கம் இல்லை, வறண்ட முயற்சி ஒன்றுதான் மிஞ்சியிருக்கிறது என்று அவர்கள் புலம்புவர். அந்த வறண்ட முயற்சியையும் வழிபாட்டின் அங்கமாக ஏற்றுக்கொண்ட மரபை நினைத்து அவர்கள் தேறுதல் அடையலாம்.

ஆகவே, பாடும் கிண்ணம் வாங்குவோர் கோலைப் பற்றிக் கவலைப்படுவது சரியே. தம் கிண்ணத்தின் அளவை அறிந்து, அதற்கு ஒத்த கனத்தில், தாம் வேண்டும் நாதத்துக்கு ஏற்ற மென்மையோடு கோலைத் தேரட்டும். அவ்வாறே தம் சுபாவத்தின் அளவை அறிந்து அதற்கு ஒத்த சாதனையைத் தேரட்டும். எல்லாம் அவன் அருள் என்று நம்புகிறவர் அந்த நம்பிக்கையின் பெயரால் கோலை அலட்சியம் செய்ய வேண்டா. எல்லாம் என் முயற்சி என்று நம்புகிறவர் கோலை எடுத்த பின்னும் ஒலித்துக்கொண்டிருப்பது யாருடைய நாதம் என்று ஒருகணம் செவிகொடுக்கட்டும். பிறருடைய நெஞ்சைத் தொடும் வாய்ப்புப் பெற்றவர் யாராயினும், பெற்றோராயினும் ஆசிரியராயினும் குருமாராயினும் தலைவராயினும், தாம் எழுப்பும் ஓசைக்குத் தாமே கணக்குச் சொல்ல வேண்டியவர் என்பதை மறவாதிருக்கட்டும். எல்லாச் சமயங்களும் தம் அடியார்களிடம் வேண்டி நிற்பது இந்த விவேகத்தைத்தான்.